கோப்பை ஜெயித்த சென்னை சிட்டி எங்கே போனது?

கே.கே. நகரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டர்ஃப் புக் பண்ணுவது லேசான காரியம் இல்லை. மணிக்கணக்கு வாடகை, தலைக்கு மேல் ஃபிளட்லைட், சுற்றிலும் வலை, உள்ளே ஐந்துக்கு ஐந்து ஆட்டம். ஆடுகிற பையன்களின் ஜெர்சியைப் பார்த்தால் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் எல்லாம் அங்கே வந்துவிடும்: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட். நடுவில் ஒன்றிரண்டு நீலம் தெரிந்தால் அது சென்னையின் எஃப்சி.

அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "2019-ல இந்தியாவோட லீக் சாம்பியன் யாரு?" கால்பந்தை விடாமல் பார்க்கிறவர்கள் பெங்களூரு என்பார்கள். அதுவும் தப்பில்லை, அந்த சீசனில் ஐஎஸ்எல் கோப்பை பெங்களூருக்குத்தான். ஆனால் இருபது வருஷத்துக்கும் மேலான தேசிய லீக் மரபின் வாரிசாக அன்றைக்கு இருந்தது ஐ-லீக். ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்டதும் அந்த ஐ-லீக் சாம்பியன்தான். அந்த அணியின் பெயர் சென்னை சிட்டி எஃப்சி.

ஊர்ப் பெயரே அணியின் பெயரில் இருக்கிறது. இருந்தும் ஊரில் அதைத் தெரிந்தவர்கள் குறைவு. அதைவிடக் கொடுமை, அந்த அணி இப்போது எந்தத் தேசிய லீக்கிலும் இல்லை. பட்டம் ஜெயித்து மூன்றாவது வருஷமே ஐ-லீக் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. ஊர்வலம் இல்லை, போராட்டம் இல்லை, ஒரு போஸ்டர்கூட ஒட்டப்படவில்லை.

ஏன் யாரும் கேட்கவில்லை என்பதுதான் இங்கே பேசவேண்டிய விஷயம்.

கோவையில் ஜெயித்த சென்னை

சென்னை சிட்டி தன்னை 1946-ல் பிறந்த கிளப் என்று சொல்லிக்கொண்டது. பல வருஷம் சென்னை லீக் வட்டாரத்துக்கு மட்டுமே தெரிந்த பெயர் அது. ரோஹித் ரமேஷ் கையில் வந்த பிறகு ஆள் மாறியது, ஆசையும் மாறியது. 2016 கடைசியில் பஞ்சாபின் மினர்வாவோடு சேர்த்து சென்னை சிட்டிக்கும் ஐ-லீக்கில் நேரடி இடம் கிடைத்தது.

இங்கே ஆரம்பித்தது முதல் முரண். அணியின் பெயர் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். சென்னையில் ஒரு ரசிகர் தன் அணியின் 'ஹோம்' ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி, சுமார் 500 கிலோமீட்டர் போய், காலையில் கோவையில் இறங்க வேண்டும். பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் அப்போது ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சி ஆடிக்கொண்டிருந்தது. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். ஒரே நகரத்தின் பெயரில் இரண்டு அணிகள் இருந்தன. அதில் ஒன்று அந்த நகரத்தில் ஆடவே இல்லை.

முதல் இரண்டு சீசனும் சுமார். ஆனால் அதற்குள்ளேயே நல்ல பையன்கள் வெளியே தெரிந்தார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2017–18 சீசனில் ஆடிய ஆட்டத்தில் நாடே திரும்பிப் பார்த்தது. அவரை ஐஎஸ்எல் அணி ஒன்று உடனே தூக்கிக்கொண்டு போனது. பட்டம் வந்த வருஷத்தில் அவர் இந்த அணியில் இல்லை.

2018-ல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். பேர் தெரியாத ஸ்பானியக் கீழ் டிவிஷன்களிலிருந்து பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகெஸ், ராபர்டோ எஸ்லாவா ஆகியோர் வந்தார்கள். கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி நம்ம பையன்கள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற வழக்கமான ஐ-லீக் ஆட்டத்துக்கு நடுவே, இவர்கள் தரையோடு தரையாகப் பாஸ் கொடுத்து ஆடினார்கள். மான்சி மட்டும் 21 கோல்.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். கோவையில் மினர்வாவை ஜெயித்தால் பட்டம் கையில். நழுவவிட்டால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு மோதிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். மூன்றாவது நிமிஷமே மினர்வா கோல் போட்டது. இடைவேளை வரைக்கும் சென்னை பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன் பிறகு கோல் அடித்தது ஸ்பானியர் யாரும் இல்லை, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. ஒன்று இல்லை, இரண்டு. 3–1. இருபது ஆட்டத்தில் 43 புள்ளி. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது, 42 புள்ளி. நூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த கொல்கத்தா கிளப்பை ஒரே ஒரு புள்ளியில் முந்தியிருந்தது, தேசிய லீக்கில் மூன்றாவது சீசன் ஆடிய அணி.

அடுத்த மாதமே சூப்பர் கோப்பையில் ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூருவையும் 2–1 என்று வீழ்த்தியது. அன்றைக்கு இந்தியாவின் நல்ல அணி எது என்று கேட்டால், சென்னை சிட்டி என்று சொல்ல நியாயம் இருந்தது.

இறக்கம்

பட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப்பில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஐரோப்பிய கிளப் ஒன்று தமிழ்நாட்டு அணியில் காசு போடுகிறது என்றால் சும்மாவா? எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் 2019-லேயே காற்று மாறியது. நாட்டின் முதல் லீக் இனிமேல் ஐஎஸ்எல்தான் என்று தீர்மானமானது. ஐ-லீக் நடைமுறையில் இரண்டாம் படிக்குப் போனது. சென்னை சிட்டி ஜெயித்தது மேல்மாடியில் இருந்த கோப்பையை. ஜெயித்து முடிப்பதற்குள் மாடியையே கீழே இறக்கிவிட்டார்கள். கோர்டில்லோ ஐஎஸ்எல்லுக்குப் போனார், மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போனார்.

அதே 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0–1 என்று தோல்வி. அதனால் ஏஎஃப்சி கோப்பைக்கு வந்தது. மார்ச்சில் மாலத்தீவின் மாசியாவோடு 2–2 டிரா. அது சென்னை சிட்டியின் 'ஹோம்' ஆட்டம். நடந்த இடம் அகமதாபாத். சென்னைக்கு கோவையே தூரம் என்றிருந்தது, இப்போது குஜராத். ஆசியப் போட்டியில் ஒரு தமிழ்நாட்டுக் கிளப் சொந்த ஆட்டம் ஆடுகிறது, அதை நேரில் பார்க்கத் தமிழ்நாட்டில் யாருக்கும் வழியில்லை.

அப்புறம் கோவிட் வந்தது, அந்தக் கோப்பையே ரத்தானது. 2020–21 ஐ-லீக் முழுக்க மேற்கு வங்கத்தில் பாதுகாப்பு வளையத்துக்குள் ஆடப்பட்டது. சென்னை சிட்டி பட்டியலின் அடியில் தடுமாறியது. அடுத்த சீசனுக்கு உரிமம் கிடைக்கவில்லை, கதை முடிந்தது.

உரிமம் என்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசியக் கால்பந்து கூட்டமைப்பின் விதிப்படி ஒவ்வொரு கிளப்பும் வருஷா வருஷம் ஐந்து விஷயத்தில் தேற வேண்டும்: இளையோர் அணி உள்ளிட்ட விளையாட்டு ஏற்பாடு, மைதானம், பணியாளர் நிர்வாகம், சட்டம், நிதிக் கணக்கு. இதில் ரசிகர் யாராவது இருக்கிறார்களா, ஊர் யாராவது இருக்கிறதா என்று கேட்கிற கட்டம் எதுவும் கிடையாது.

உர்சிசெனியில் நடந்தது

இதே கதை ருமேனியாவில் பத்து வருஷம் முன்னாடியே நடந்திருக்கிறது. தலைநகர் புகாரெஸ்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உர்சிசெனி என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை இருபதாயிரத்துக்கும் கீழே. கே.கே. நகரின் சில தெருக்களைச் சேர்த்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். அங்கே 1954-ல் தொடங்கிய கிளப் யுனிரியா உர்சிசெனி. யுனிரியா என்றால் ஒன்றிணைதல் என்று பொருள்.

பல பத்து வருஷம் கீழ் டிவிஷன்களிலேயே கிடந்த அணி. ஒரு தொழிலதிபரின் பணம் வந்தது, செல்சீயில் ஆடிய டான் பெட்ரெஸ்கு கோச்சாக வந்தார். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமலே 2008–09 ருமேனிய லீக்கை ஜெயித்தார்கள். ஸ்டீயாவா, டினாமோ என்று புகாரெஸ்டின் பெரிய கைகள் எல்லாம் கீழே நின்றன.

அடுத்த சீசனில் நேராக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக். 2009 அக்டோபர் 20 அன்று கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸை அவர்கள் மைதானத்திலேயே 4–1 என்று அடித்தார்கள். செவியாவை 1–0 என்று ஜெயித்தார்கள். குரூப்பில் 8 புள்ளி, மூன்றாம் இடம். சின்ன ஊரின் கிளப்புக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாம்பியன்ஸ் லீக்கின் 'ஹோம்' ஆட்டம் எதுவும் உர்சிசெனியில் நடக்கவில்லை. ஊர் மைதானம் ஐரோப்பிய விதிகளுக்குச் சின்னது என்பதால், எல்லாமே புகாரெஸ்டில், ஸ்டீயாவாவின் மைதானத்தில். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் வருகிற விருந்து, அதுவும் பக்கத்து வீட்டில்.

2009 முடிவதற்குள் பெட்ரெஸ்கு ரஷ்யாவுக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள், முதலாளியின் ஆர்வமும் குறைந்தது. 2010–11-ல் அணி கீழிறங்கியது, அந்தக் கோடையிலேயே கலைக்கப்பட்டது. ரேஞ்சர்ஸை ஜெயித்த ராத்திரிக்கும் கிளப் மூடப்பட்டதற்கும் இடையே இரண்டு வருஷம்கூட இல்லை.

இந்தியாவின் பட்டியல்

இது ருமேனியாவுக்கும் சென்னைக்கும் மட்டும் வந்த வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவின் முதல் தேசிய லீக்கை, 1996–97-ல், ஜெயித்தது பஞ்சாபின் ஃபக்வாரா ஜேசிடி மில்ஸ். அது 2011-ல் கலைக்கப்பட்டது. 2005–06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் அதற்கு ஒரு வருஷம் முன்னாடி மூடப்பட்டது. ஐந்து முறை பட்டம் வாங்கிய கோவாவின் டெம்போ 2016-ல் ஐ-லீக்கிலிருந்து விலகியது. அந்த ஊர்களில் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், திறமை இருந்தது. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்தால் கிளப் போய்விடும் என்ற நிலையும் இருந்தது.

சென்னையில் இதற்கு முந்தைய ஏற்பாடு வேறு மாதிரி. இங்கே கால்பந்து என்றால் வேலை. இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ், வருமான வரி, ஏஜிஎஸ் ஆபீஸ் என்று அலுவலக அணிகள்தான் லீக்கை நடத்தின. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தேசிய லீக்கில் ஆடிய சென்னை அணி இந்தியன் வங்கி. வியாசர்பாடிப் பையனுக்குக் கனவு ஸ்பெயின் இல்லை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு கிளார்க் வேலை. "ஆட்டம் முடிஞ்சாலும் சம்பளம் வரும்" என்பது அம்மாக்களுக்குப் புரிகிற கணக்கு. அந்த ஏற்பாட்டில் ரசிகர்கள் பெரிதாக உருவாகவில்லை என்பது உண்மை. வங்கிக் கிளைக்கு யாரும் கொடி பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஆடியவருக்கு ஓய்வூதியமாவது மிஞ்சியது. அலுவலகங்கள் கோட்டா வேலையைக் குறைத்தபோது அதுவும் தேய்ந்தது. அந்த இடத்தில்தான் தனியார் கிளப்புகள் வந்தன.

கால்பந்துக்குத் தமிழ்நாடு புதுசு இல்லை. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல், 1960 ரோம், பெரு அணிக்கு எதிராக. அடித்தவர் சைமன் சுந்தரராஜ், நம்ம ஊர்க்காரர். 2003-ல் ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கோப்பை ஜெயித்தபோது அந்த அணியில் தஞ்சாவூரின் குலோத்துங்கன் இருந்தார். ஆள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் ஆட ஊரில் கிளப்தான் இல்லை, கொல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள்.

நிலைத்தவர்கள்

2017-ல் ஐ-லீக் ஜெயித்தது மிசோரமின் ஐஸால் எஃப்சி. மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்தியது. சென்னை சிட்டியைப் போலவே யாரும் எதிர்பாராத பட்டம், அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் கிளப் இருந்தது. தோற்றது, தடுமாறியது, பட்டியலின் அடியில் கிடந்தது, இருந்தாலும் சென்னை சிட்டி போனதற்கு அப்புறமும் ஐ-லீக்கில் ஆடியது. ஐஸாலின் ஆட்டம் ஐஸாலில் நடந்தது, ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்த மலை ஊர்ப் பையன்கள். கிளப்பை மூடினால் முதலாளி நாளைக்குக் கடைவீதியில் நடக்க முடியாது.

இன்னொரு உதாரணம் இங்கேயே இருக்கிறது. 2019 மே மாதம், சென்னை சிட்டி பட்டம் வாங்கி இரண்டு மாதத்தில், இந்திய மகளிர் லீக்கை ஜெயித்தது மதுரையின் சேது எஃப்சி. லூதியானா ஃபைனலில் மணிப்பூர் போலீஸை 3–1 என்று வென்றது. அந்த வருஷம் ஆண்கள் ஐ-லீக், மகளிர் லீக், இரண்டு கோப்பையும் தமிழ்நாட்டில். இப்படி ஒரு வருஷம் வந்தது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டில் கையில் காசு குறைவாக இருந்தது எது என்று கேட்டால் மகளிர் அணி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பட்டத்துக்கு அப்புறமும் வருஷக்கணக்கில் நீடித்து ஆடியது அதுதான்.

முதலாளிகளையே குறை சொல்லிப் பயன் இல்லை. ரோஹித் ரமேஷ் இல்லாவிட்டால் மான்சி வந்திருக்க மாட்டார், 43 புள்ளியும் வந்திருக்காது. காசைக் கொட்டியவருக்கு டிவி வருமானம் திரும்பி வரவில்லை, லீக்கையே கீழே தள்ளினார்கள், நடுவில் பெருந்தொற்று. யாராக இருந்தாலும் மூச்சு வாங்கும். ஆனால் அவர் கை தளர்ந்தபோது பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாமல் போனதுதான் கவலை. கோவை மக்கள் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள், கத்தினார்கள், ஆனால் பெயர் சென்னை. சென்னைக்கு அணி கண்ணிலேயே படவில்லை. இரண்டு ஊரிலும் "இது எங்க டீம்" என்று உரிமை கொண்டாட ஆள் சேரவில்லை.

லண்டனில் விம்பிள்டன் கிளப்பை 2000-களின் தொடக்கத்தில் அதன் உரிமையாளர்கள் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, ரசிகர்கள் 2002-ல் சொந்தமாகவே ஒரு கிளப் தொடங்கினார்கள். அடிமட்டத்திலிருந்து ஆடி மேலே வந்து, 2020-ல் பழைய பேட்டையிலேயே மைதானம் கட்டித் திரும்பினார்கள். ஜெர்மனியில் கிளப்பின் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் பத்து சதவீதமாவது ரசிகர் சங்கத்துக்கு என்று ஒரு நிபந்தனை வைக்கலாமே? பெயரில் இருக்கிற ஊரில் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும் என்று சொல்லலாமே? அரசு மைதானத்தைக் கொடுக்கிறது, அதற்கு இது பெரிய விலையா?

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதமே, இரண்டு முறை ஐஎஸ்எல் கோப்பை வாங்கிய சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தத்தில் சிக்கல், அவ்வளவுதான். ஒரு காகிதத்தில் கையெழுத்து தாமதமானால் ஒரு நகரத்தின் அணிக்கு மாதக்கணக்கில் பயிற்சி இல்லை.

உர்சிசெனியில் 2015-ல் அதே பெயரில் ஒரு கிளப்பைக் கீழ் டிவிஷனில் மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை சாம்பியன்ஸ் லீக் இல்லை, ரேஞ்சர்ஸ் இல்லை. பக்கத்து ஊர் அணிகளோடு ஆட்டம். சென்னை சிட்டியின் 2019 கோப்பை இன்றைக்கு யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று கே.கே. நகர் டர்ஃபில் யாரும் கேட்பதில்லை. ஒன்பது மணி ஸ்லாட்டுக்கு அடுத்த கும்பல் கேட்டுக்கு வெளியே காத்திருக்கிறது.